பூட்டுப் போட்ட பெட்ரோல்

பருத்திப்பட்டில் கன்னியப்பனைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் யாரும் கிடையாது. தெரிந்த எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், ஊருக்கு வந்த முதல் மோட்டார் காரை ஓட்டியவன் அவன். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் பிறந்து, அப்பன் காலத்திலிருந்தே பரந்தாம முதலியாரின் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். அப்படிப்பட்டவன் முன்னால் உட்கார்ந்து, முதலியாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஆரன் அடித்து ஆட்களை ஒதுங்கச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? சில பேருக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று கன்னியப்பன் ஆரனை இன்னும் இரண்டு தரம் கூடுதலாகவே அடித்தான்.

முதலியார் கார் வாங்கியதற்குக் காரணம் காரே அல்ல, மைத்துனன். கொரட்டூரில் இருந்த ஜெயராமன் ஒரு கார் வாங்கி, அதில் தன் அக்காள் தாட்சாயிணியைத் திருமுல்லைவாயில் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டான். போதாதா? அன்று முதல் தாட்சாயிணி அம்மாள் மாட்டு வண்டியில் ஏறும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதலியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மவுண்ட் ரோடுக்குப் போய், மைத்துனனுடைய கார் மாதிரியே ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிக்கொண்டு வந்தார்.

டிரைவர்தான் நிலைக்கவில்லை. பட்டணத்திலிருந்து வந்த ஒருத்தனுக்கு விடிந்ததும் காப்பி வேண்டும். அடுத்து வந்தவனுக்கு ஏரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் வண்டிக்காரனே காரையும் ஓட்டுவான் என்று சொல்லி, கன்னியப்பனைப் பூந்தமல்லியில் ஒர்க் ஷாப் வைத்திருந்த தேவராஜிடம் அனுப்பினார். தேவராஜ் அவனைப் பூந்தமல்லி மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்ட விட்டு, கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். கன்னியப்பன் கற்பூரம். லைசென்சும் வந்தது. மாட்டு வண்டியில் இருபது வருஷம் உட்கார்ந்தவன், வெறுங்காலோடு மோட்டாரில் ஏறி உட்கார்ந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டினான். ஏரிக்கரை வளைவுகளில் தாட்சாயிணி அம்மாள் ஒரு தரம்கூட முன் சீட்டைப் பிடித்ததில்லை. போகிற வழியெல்லாம் கார் மெல்ல முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்வதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள். கார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தொல்லை பெட்ரோலில் வந்தது. ஜெயராமனுடைய கார் ஒரு கேலனுக்கு இருபது மைல் ஓடியது. அதே கம்பெனி, அதே அளவு என்ஜின், முதலியாருடைய கார் பன்னிரண்டு மைல் தாண்டவில்லை. ஜெயராமன் வரும்போதெல்லாம் இதைக் கேட்டு வைப்பான். கேட்டுவிட்டு, "அப்படியா மாமா?" என்று ஒரு இழுப்பு இழுப்பான். அந்த இழுப்புதான் முதலியாருக்குத் தாங்கவில்லை.

தேவராஜைக் கூப்பிட்டார்கள். அவன் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக்குகளைத் துடைத்தான். குழாயில் எங்கேயாவது கசிகிறதா என்று காரின் அடியில் படுத்துப் பார்த்தான். டயரில் காற்று சரி, பிரேக் எங்கேயும் உரசவில்லை. எல்லாம் செய்தும் பெட்ரோல் போகிற போக்கு மாறவில்லை. கடைசியில், தானே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி, முதலியாரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போய் வந்தான். டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். கார் சமர்த்தாக, கொரட்டூர் கார் குடிக்கிற அளவுதான் குடித்திருந்தது.

தேவராஜுக்கு ஒரே சந்தோஷம். தன் வேலையில் குறையில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். போனவன் கன்னியப்பனின் தலையில் கல்லைப் போட்டுவிட்டுப் போனான் என்பது அவனுக்குத் தெரியாது. தேவராஜ் ஓட்டினால் பெட்ரோல் நிற்கிறது, கன்னியப்பன் ஓட்டினால் போகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஜெயராமன் அர்த்தம் சொன்னான். வாயால் அல்ல, கையால். ரப்பர் குழாயை டாங்கியில் விட்டு உறிஞ்சுவது போலச் செய்து காட்டினான். முதலியார் வீட்டுக் கொல்லையில் மாடு கறந்துகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அந்தக் கை ஜாடை வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் முதலியார் கொல்லனை வரவழைத்து, டாங்கி மூடிக்கு ஒரு கொண்டி வைத்து, பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கன்னியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம், பூட்டே சொல்லிவிட்டதே. வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். கன்னியப்பனுக்கோ உள்ளுக்குள் ஒரு தைரியம். பூட்டுப் போட்ட பிறகும் பெட்ரோல் போனால், தான் எடுக்கவில்லை என்று தெரிந்துவிடும் அல்லவா? காரைத் துடைக்கும்போது அந்தப் பூட்டையும் பளபளவென்று துடைத்து வைத்தான் அந்த அப்பாவி.

பெட்ரோல் போனது. முன்னே போன மாதிரியே போனது. முதலியார் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெயராமன் வந்தான், கேட்டான், சிரித்தான். பூட்டுக்கு ஒரு சாவிதான் இருக்கும் என்று யார் சொன்னது என்றான். ஆக, பூட்டுப் போடுவதற்கு முன்னால் வெறும் திருடனாக இருந்த கன்னியப்பன், பூட்டுப் போட்ட பிறகு கள்ளச் சாவி போடுகிற திருடன் ஆனான். நல்ல நியாயம்!

அவனுடைய பெண்சாதி பொன்னியம்மா வாய்க்காரி. நாற்று நடும்போது அவள் பாட ஆரம்பித்தால் அடுத்த வயல் வரைக்கும் கேட்கும். அவளே முதலியார் நிலத்துக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வரப்பில் அவள் நடந்தால் எவளாவது பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்வதும் மற்றவர்கள் சிரிப்பதுமாக இருந்தது. சண்டை போட்டுப் பார்த்தாள். எத்தனை பேரோடுதான் போடுவது? நெமிலிச்சேரிப் பக்கம் வேறு யார் நிலத்துக்கோ நடந்து போய் வந்தாள். முதலியார் தெருவில் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கன்னியப்பனிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"நெஜமா சொல்லு. எடுத்தியா?"

"எடுக்கல."

"சரி, துன்னு," என்று சோற்றைப் போட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் ஒருத்தி நம்பியது அவனுக்குப் பெரிய பலம்தான். ஆனால் வேலை போனால்கூடப் பரவாயில்லை, மறுபடியும் வண்டி ஓட்டிக்கொள்ளலாம். திருடன் என்ற பேரோடு எந்த வண்டியில் ஏறி உட்காருவது? 

வைகாசியில் முதலியாருக்குத் திருவள்ளூரில் பத்திரம் பதிகிற வேலை இருந்தது. அன்று அவர் பின் சீட்டில் ஏறவில்லை. காற்று நன்றாக வருமென்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்து கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கு என்று கன்னியப்பனுக்குத் தெரியாதா? கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார். வரட்டும். அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினான். முதலியார் அவன் கையைப் பார்த்தார், வழியைப் பார்த்தார், ஆவடியில் நிறுத்தியபோது இறங்கிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். எதிலும் குற்றம் அகப்படவில்லை.

நெமிலிச்சேரி ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. காருக்குப் பக்கத்தில் செங்கல் பாரத்தோடு ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. முதலியார் பிறவிக் குடியானவர். கார் வந்தாலும் கண் மாட்டின் மேல்தான் போகும். மாடுகளின் சுழியையும் திமிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்தது. வண்டிக்காரன் நாக்கைச் சொடுக்கி, காலை நீட்டி, கட்டை விரலால் மாட்டின் வாலடியில் ஒரு குத்துக் குத்தினான். மாடுகள் துள்ளி இழுத்தன. அதே நொடியில் முதலியாரின் மறுபக்கத்துக் காதிலும் ஒரு சொடுக்குக் கேட்டது.

திரும்பினார். கன்னியப்பன் வழியைப் பார்த்துக்கொண்டு, தன்பாட்டுக்கு நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். முதலியாரின் கண் மெல்லக் கீழே இறங்கியது. அவன் வலது காலின் கட்டை விரல் ஆக்சிலரேட்டரைக் குத்தியது, விட்டது. குத்தியது, விட்டது. கார் எகிறியது, தளர்ந்தது, எகிறியது. வெளியே வண்டிக்காரனின் விரலைப் பார்த்தார், உள்ளே இவன் விரலைப் பார்த்தார். தாளம்கூடத் தப்பவில்லை. இருபது வருஷமாக மாட்டை முடுக்கிய கால்! மாடு போய் மோட்டார் வந்த விஷயத்தை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் முதலியார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

"கன்னியப்பா, உன் கால் இன்னாடா பண்ணுது?"

கன்னியப்பன் குனிந்து பார்த்தான். கால் பரம சாதுவாக இருந்தது. "ஒண்ணும் பண்ணலியே ஆண்டே."

வழியைப் பார்த்துக்கொண்டு ஓட்டச் சொல்லி, முதலியார் தன் கைத்தடியின் நுனியை அவன் விரலின் மேல் லேசாக வைத்தார். விரல் எழும்பும்போதெல்லாம் தடியும் எழும்பியது. ஒரு வயலைத் தாண்டுவதற்குள் தடி ஆடிய ஆட்டத்தைக் கன்னியப்பனே கண்ணால் பார்த்துவிட்டான். முதலியாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அடேய், இதுக்கு வால் கெடையாதுடா!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கன்னியப்பனும் சிரித்தான்.  அப்பாடா, எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இத்தனை நாளும் பெட்ரோல் போனது தன்னால்தான் என்பதும் தெரிந்துவிட்டதே! திருடாமலே திருடனாகிவிட்டோமே என்று தோன்றியது. திரும்பி வரும் வழியில் பூந்தமல்லிக்குப் போய்த் தேவராஜிடம் கேட்டார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் என்ஜினுக்குள் ஒரு மடக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஒரே நிதானமாக மிதித்துக்கொண்டு போனால் போகாது என்றான். மைதானத்தில் கற்றுக்கொடுத்தபோது கையை மட்டும் பார்த்தேனே, காலைப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான்.

காரணம் தெரிந்துவிட்டால் போதுமா? கால் கேட்க வேண்டுமே. நினைப்பு இருக்கும் வரைக்கும் விரல் சும்மா இருக்கும். ஒரு ஆடு குறுக்கே வந்தால், தெரிந்தவன் கும்பிடு போட்டால், நினைப்பு அங்கே போய்விடும். விரல் தன் வேலையை ஆரம்பித்துவிடும். கட்டை விரலைத் துணியால் சுற்றிப் பார்த்தான். செருப்புப் போட்டுப் பார்த்தான். அது பிரேக்கில் சிக்கி, கார் பாலத்துச் சுவரில் மோத இருந்தது. கன்னியப்பன் மனம் விட்டுப்போய், காரை முதலியாரிடமே ஒப்படைத்துவிடலாமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, பொன்னியம்மாதான் வழி சொன்னாள். மேய்கிற மாடு எங்கே போகிறது என்று தெரிவதற்கு மணி கட்டுகிறோம் அல்லவா, இந்தக் காலுக்கும் கட்டு என்றாள்.

கட்டினான். கன்றுக்குட்டியின் கழுத்தில் கிடந்த குட்டி மணியை நூலில் கோத்துக் கட்டை விரலில் கட்டிக்கொண்டு, கலீர் கலீர் என்று காரை ஓட்டிக்கொண்டு போனான். எதற்கு மணி என்று தெரியாமல் ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! விரல் எழும்பினால் மணி சொல்லும். மணி சொன்னால் அவன் விரலை அமுக்குவான். முதலில் ஏரிக்கரை நெடுக மணி ஓயவில்லை. போகப் போக இரண்டு வளைவுக்கு ஒரு தரம் கேட்டது. பிறகு கேட் அருகில் மாடுகளைப் பார்த்தால் மட்டும் கேட்டது. ஆனி முடிவதற்குள் அதுவும் நின்றுபோய், நூலை அவிழ்த்து வைத்தான். பின் சீட்டில் தலைகள் ஆடுவதும் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தால், கொரட்டூர் கார் குடிக்கிற அளவைவிடக் குறைவாகவே குடித்திருந்தது. அன்று கன்னியப்பனுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கோயில் வாசலில் பந்தல், பெரிய பெரிய அண்டாக்கள், ஊரே கூடியிருந்தது. முதலியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயராமன். கன்னியப்பன் பந்தலுக்கு வெளியே, காருக்கு அருகில் நின்றிருந்தான். பேச்சு பெட்ரோலுக்கு வந்தது. முதலியார் பெருமையாகச் சொன்னார், இப்போது என் கார் உன் காரைவிட அதிகம் ஓடுகிறது என்று.

ஜெயராமன் விடுவானா? எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "பின்ன? நீங்க பூட்டு போட்டு, முன்னால போய் உக்காந்தீங்க இல்ல மாமா? பயம் வந்தா எல்லாம் தானா சரியாப் பூடும்."

பந்தலில் நாலு பேர் சிரித்தார்கள். முதலியாரும் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, சொம்பை வாயில் வைத்துக்கொண்டார். காலின் கதையைச் சொல்லவில்லை. மைத்துனனோடு எதற்கு வாக்குவாதம் என்று விட்டாரோ, சோம்பலோ, யாருக்குத் தெரியும்.

வெளியே நின்ற கன்னியப்பன் காதில் அது விழுந்தது. பெட்ரோல் போனபோதும் திருடன், நின்றபோதும் திருடனா? போனால் எடுத்தான், நின்றால் பயந்து விட்டுவிட்டான்! இதைக் கேட்டுக்கொண்டு இன்றைக்கு வாயை மூடி நின்றால், பிறகு ஆயுசுக்கும் மூடித்தான் நிற்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. பந்தலுக்குள் அவன் வர முடியாது. அதனால் பந்தல்கால் வரைக்கும் வந்து நின்றான். ஆண்டையைக் கேள்வி கேட்டு அந்த ஊரில் அதுவரை யாருக்கும் பழக்கம் கிடையாது. 

"ஆண்டே, ஒரு வார்த்த."

 முதலியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பெட்ரோல் எடுத்தனா ஆண்டே?"

போய் வேலையைப் பார் என்று ஒரு அதட்டல் போட்டால் முடிந்தது. ஜெயராமன் அதைத்தான் எதிர்பார்த்தான். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. முதலியார் கன்னியப்பனைப் பார்த்தார். எதிர்த்துப் பேசும் முகமாக அது இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கிற முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முதலியாரால் கூழைக் குடிக்க முடியவில்லை. சொம்பைக் கீழே வைத்தார்.

"இல்ல," என்றார். முன்னால் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு எழுந்து நின்று, அண்டாக்களைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னார்: "ஒரு சொட்டு எடுக்கல. ஜெயராமா, நீ சொன்னே, நான் நம்பினேன். விசாரிக்காம பூட்டு போட்டது நான். தப்பு என்னுது."

கன்னியப்பன் கும்பிட்டான்.  திரும்பி நடந்தான். வழியில் யார் யாரோ கூப்பிட்டார்கள், கூழ் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். காதில் ஏறவில்லை. ஏரிக்கரையில் கிட்டத்தட்ட ஓடினான்.

பொன்னியம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்து, காருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்து போனாள். அவன் நடந்ததைச் சொன்னான். தான் கேட்டதை, சொம்பு கீழே போனதை, முதலியார் எழுந்து நின்றதை. அவள் முறத்தை நிறுத்தவில்லை. புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எழுந்து நின்னா சொன்னாரு?"

"ஆமா."

"அல்லார் எதிர்லயுமா?"

"அல்லாரும் இருந்தாங்க."

பொன்னியம்மா முறத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையால் கண்ணையும் மூக்கையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவன் உட்காருவதற்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு," என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லு."